நோயாளியின் மன அமைதியும் ஆஸ்பத்திரிக் கட்டிட அமைப்பும்

மைசூர் நகரிலிருந்து கிருஷ்ணராஜசாகரம் அணைக்குச் செல்லும் சாலையில், மரங்கள் நிறைந்த விசாலமான வளாகமொன்றில், இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரைத் தாங்கிய க்ஷயரோக ஆஸ்பத்திரி இருக்கிறது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரியான அவ்விளவரசி க்ஷயரோகத்துக்குப் பலியானவர். அரண்மனையின் மதில்களையும் கடந்து உள்ளே புகுந்த அந்த நோய்க்கு அக்காலத்தில் உலகில் எங்குமே மருந்து கிடையாது. ஆகவே, 1920-ஆம் ஆண்டை ஒட்டி அவர் நினைவாக இந்த ஆரோக்கிய நிலையம் எழுந்தபோது, நகரத்தின் சந்தடிக்கு அப்பாற்பட்ட இடமே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தூய காற்று, தாராளமான வெளிச்சம், ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அன்று நோயாளிக்கு அளிக்கக்கூடிய சிகிச்சை. சுருங்கச் சொன்னால், இடமும் கட்டிடமுமே மருந்தாக விளங்கின.

இன்று நிலைமை வேறு. சாதாரண க்ஷயரோகத்துக்கு ஆறு மாத காலம் ஒழுங்காக மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். அப்படியானால் கட்டிடத்தின் பங்கு முடிந்துவிட்டதா? நோயாளிக்குக் கூரையும் கட்டிலும் இருந்தால் போதுமா? சென்ற நாற்பது ஆண்டுகளாக நடைபெற்று வரும் ஆராய்ச்சிகள் இக்கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகின்றன. கட்டிடம் நோய்க்கு மருந்தாகாது. ஆயினும், நோயோடு போராடும் மனிதரின் அச்சத்தையும் வலியையும் தூக்கமின்மையையும் கூட்டவும் குறைக்கவும் அது வல்லது என்பதே அவ்விடை.

இது வசதியைப் பற்றிய விஷயம் மட்டும் என்று எண்ணுவதற்கில்லை. ஆஸ்பத்திரியைக் கண்டு அஞ்சுபவர் நோய் முற்றிய பிறகே அங்கே வருகிறார். வந்தவர்களிலும் சிலர் சிகிச்சை முடியுமுன் சொல்லாமல் வெளியேறிவிடுகின்றனர். கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்கள் இதை நன்கு அறிவார்கள். அந்த அச்சத்தில் ஒரு பகுதியையேனும் கட்டிட அமைப்பினால் போக்க இயலுமெனில், அதை அறிந்துகொள்வது அனைவருக்கும் பயன் தரும்.

ஆரோக்கிய நிலையங்களும் மருந்துகளும்

திறந்த வெளிக் காற்றினாலும் ஓய்வினாலும் க்ஷயரோகத்தைக் குணப்படுத்தலாம் என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் வலுப்பெற்றது. ஹெர்மன் பிரேமர் என்ற மருத்துவர் மலைப்பாங்கான ஓரிடத்தில் இத்தகைய நிலையமொன்றை நிறுவினார். 1882-இல் ராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். எனினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து தோன்ற மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் ஆரோக்கிய நிலையங்கள் உலகெங்கும் பெருகின. நம் நாட்டில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் மற்றொன்றை நிறுவினார். அவ்விடத்து ரயில் நிலையம் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே வழங்குகிறது.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோனியாசிடும் பயனுக்கு உரியவையெனக் கண்டறியப்பட்ட பின், நிலைமை விரைவாக மாறியது. மருந்து கிடைத்துவிட்டபோது, நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து மாதக்கணக்கில் தனியிடத்தில் வைக்க வேண்டியது அவசியந்தானா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை கண்ட பெருமை சென்னைக்கு உரியது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகளை அளித்தது. வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் வறியவர்கள். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்; போதிய உணவும் ஓய்வும் இல்லாதவர்கள். அப்படியிருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தினருக்கு நோய் தொற்றும் அபாயமும் அதிகரிக்கவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் க்ஷயரோகச் சிகிச்சை முறையை மாற்றியமைத்தது. அந்த மையமே இன்று தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

நல்ல காற்றும் வெளிச்சமும் மருந்தின் வேலையைச் செய்யா என்பது இதனால் நிரூபணமாயிற்று. ஆனால் இம்முடிவிலிருந்து சிலர் வேறொரு முடிவுக்கும் தாவிவிட்டனர். கட்டிடம் எவ்வாறு இருந்தாலும் சிகிச்சைக்குக் குறைவில்லை என்று அவர்கள் எண்ணினர். மின்விளக்கும் மின்விசிறியும் பரவிய பின், ஆஸ்பத்திரிக் கட்டிடங்கள் பருமனாயின, நடுவில் நீண்ட இருண்ட நடைகளும், இருபுறமும் அறைகளும் அமைந்தன, ஜன்னல்கள் சிறுத்தன. மருத்துவக் கருவிகளுக்கு ஏற்ற இடமாக ஆஸ்பத்திரி வளர்ந்தது. அங்கே படுத்திருப்பவரின் மனத்துக்கு அது ஏற்ற இடந்தானா என்பதை வெகுகாலம் எவரும் அளந்து பார்க்கவில்லை.

மன இறுக்கம் உடலில் செய்யும் வேலை

அச்சமும் கவலையும் மனத்தளவில் நின்றுவிடுவதில்லை. ஆபத்து நேர்ந்ததாக மூளை உணர்ந்தவுடன் நரம்பு மண்டலம் விழிப்படைகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் பொருள்களை இரத்தத்தில் சேர்க்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, தசைகள் இறுகுகின்றன. புலியைக் கண்டு ஓடவேண்டியவனுக்கு இவை உதவும். கட்டிலில் நாட்கணக்கில் படுத்திருப்பவருக்கு இதே நிலை நீடித்தால் தூக்கம் கெடுகிறது. வலி மிகுதியாகத் தோன்றுகிறது. கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குன்றுகிறது.

புண் ஆறுவதையும் மன இறுக்கம் தாமதப்படுத்துகிறது. 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குச் சான்று. நினைவிழந்த முதியோரை வீட்டில் பல காலம் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பாரமில்லாத 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவான சிறு காயம் செய்து, அது ஆறுவதைக் கவனித்தனர். பராமரிப்பின் பாரத்தைச் சுமந்தவர்களுக்குப் புண் ஆற ஏறக்குறைய ஒன்பது நாட்கள் அதிகமாயின. ஆகவே, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் மன அமைதியைக் காப்பது சிகிச்சையின் ஓர் அங்கமே என்று கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் இத்தகைய இறுக்கத்தை உண்டாக்குபவை பல. நோயின் வேதனை முதன்மையானது. அதைக் கட்டிடம் தீர்க்க முடியாது. ஆனால் ஓசை, புழுக்கம், கண் கூசும் விளக்கு, வெற்றுச் சுவர், வழி தெரியாத திகைப்பு, மறைவின்மை, உறவினரின் பிரிவு ஆகியவை பெரும்பாலும் கட்டிடத்தால் விளைபவை. அவற்றைக் கட்டிடத்தாலேயே குறைக்கவும் இயலும்.

ஜன்னல் வழியே தெரியும் மரம்

இத்துறையில் புகழ் பெற்ற ஆராய்ச்சியை நிகழ்த்தியவர் ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க அறிஞர். பென்சில்வேனியாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே மாதிரியான அறைகள் வரிசையாக இருந்தன. சில அறைகளின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்றவற்றின் வழியே செங்கல் சுவரொன்றே தெரிந்தது. 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவ்வறைகளில் தங்கியவர்களின் குறிப்புகளை உல்ரிக் ஆராய்ந்தார். வயது, பால் முதலியவற்றில் ஒத்திருந்தவர்களை இணை இணையாகச் சேர்த்து, 23 இணைகளை, அதாவது 46 பேரை ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்திருந்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவரைப் பார்த்திருந்தவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர். முன்னவர்கள் வீரியம் மிக்க வலிநிவாரணிகளைக் குறைவாகவே கேட்டனர். அவர்களைப் பற்றித் தாதியர் எழுதிய குறிப்புகளில், ‘அழுகிறார்’, ‘கலங்கியிருக்கிறார்’ என்பன போன்றவையும் குறைவாகவே இருந்தன. இம்முடிவுகள் 1984-இல் வெளியாயின.

நாற்பத்தாறு பேரைக் கொண்டு எல்லா நோயாளிகளுக்கும் பொதுவிதி வகுக்கலாகாது என்பது உண்மை. ஆனால் பிற்காலத்துச் சோதனைகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 2005-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 89 பேர் ஒரே ஆஸ்பத்திரியின் வெளிச்சமான பக்கத்திலும் மங்கலான பக்கத்திலும் தங்கவைக்கப்பட்டனர். வெளிச்சமான பக்கத்தில் இருந்தவர்களுக்கு 46 சதவீதம் அதிக சூரிய வெளிச்சம் கிடைத்தது. அவர்கள் உட்கொண்ட வலிநிவாரணியின் அளவு மணிக்கு 22 சதவீதம் குறைந்தது. மன இறுக்கமும் குறைவாக இருந்ததாக அவர்களே தெரிவித்தனர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கட்டிடத்தை வரைபவர் நின்றும் நடந்தும் உலகைப் பார்க்கிறார். நோயாளியோ படுத்தபடி பார்க்கிறார். கட்டிலில் தலையணை மீது சாய்ந்திருப்பவரின் கண், தரையிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையான உயரத்தில்தான் இருக்கும். ஜன்னலின் அடிவிளிம்பு அதற்கு மேல் இருந்தால், வெளியே தோட்டம் இருந்தும் அவருக்குப் பயனில்லை. வானத்தின் ஒரு துண்டு மட்டுமே அவருக்குத் தெரியும். பின்லாந்து நாட்டில் 1933-இல் முடிவுற்ற பைமியோ க்ஷயரோக நிலையத்தைக் கட்டிய அல்வார் ஆல்ட்டோ இதை நன்கு உணர்ந்திருந்தார். படுத்திருப்பவர் நாள் முழுவதும் காண்பது மேற்கூரையே என்பதால், அதற்குக் கண்ணை உறுத்தாத கரும்பச்சை நிறம் தீட்டச் செய்தார். விளக்கு நேரே கண்ணில் படாதவாறு பொருத்தினார். ஒருவர் கைகழுவும் ஓசை அடுத்த கட்டிலில் இருப்பவரை எழுப்பிவிடாதபடி, தண்ணீர் சத்தமின்றி விழும் தொட்டியை வடிவமைத்தார்.

வெயிலும் நிழலும்

வெளிச்சம் நல்லதென்பதற்காக ஐரோப்பியக் கட்டிடங்களை அப்படியே நம் நாட்டில் எழுப்புவது தவறாகும். குளிர்நாட்டில் வெயில் விருந்தாளி. நம் நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் அது அழையாமலே வந்து வருத்துகிறது. வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே நிறுத்துவதே இங்கு வேண்டிய திறமை.

மைசூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில், வட அட்சம் 12 பாகைக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. ஜூன் 21-ஆம் தேதி நடுப்பகலில் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் 21-ஆம் தேதி சுமார் 36 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். இதிலிருந்து எளிய கணக்கொன்று கிடைக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள வடக்கு ஜன்னலை ஜூன் மாத நடுப்பகல் வெயிலிலிருந்து காக்க 30 சென்டிமீட்டர் அகலமுள்ள மேல்மறைப்பு போதும். அதே உயரமுள்ள தெற்கு ஜன்னலை டிசம்பர் மாத நடுப்பகல் வெயிலிலிருந்து முற்றிலும் மறைக்க 110 சென்டிமீட்டர் வேண்டும். ஒரு தாழ்வாரம் இதைவிட அகலமானது. ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக வருவதால், எந்த மேல்மறைப்பும் முழுப் பயன் தராது. அப்பக்கங்களுக்கு மரங்களும், ஆழ்ந்த தாழ்வாரங்களும், தட்டிகளுமே துணை. ஆகவே கட்டிடத்தின் நீளம் கிழக்கு மேற்காகவும், ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைவது நன்று.

பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குச் செய்து காட்டலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அதை அளக்க வேண்டும். மைசூரில் அந்நேரம் கடிகாரப்படி 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி வரும். டிசம்பர் 21-இல் நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய 72 சென்டிமீட்டரும், ஜூன் 21-இல் தெற்கு நோக்கி ஏறக்குறைய 20 சென்டிமீட்டரும் இருக்கும். ஜன்னலின் உயரம் மீட்டர் கணக்கில் எவ்வளவோ அதை இந்த நிழலின் நீளத்தால் பெருக்கினால், தேவையான மேல்மறைப்பின் அகலம் கிடைத்துவிடும்.

காற்றோட்டம்

புழுக்கம் நோயாளியின் பொறுமையைச் சோதிக்கிறது. தேங்கிய காற்று கிருமிகளைப் பரப்புகிறது. பழைய ஆரோக்கிய நிலையங்களின் உயர்ந்த கூரைகளும் பெரிய ஜன்னல்களும் இவ்வகையில் எவ்வளவு அறிவுடையவை என்பது 2007-இல் பெரு நாட்டிலிருந்து வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 70 அறைகளில் காற்றோட்டத்தை அளந்தனர். ஜன்னல்களையும் கதவுகளையும் முழுவதும் திறந்து வைத்தபோது, அறைக் காற்று மணிக்கு ஏறக்குறைய 28 முறை மாறியது. விசை இயந்திரங்களைக் கொண்டு காற்றூட்டப்படும் நவீன அறைகளில் 12 முறை மாறுவதே குறிக்கோளாகும். 1950-க்கு முன் கட்டப்பட்ட உயர்ந்த கூரையுள்ள அறைகள், பிற்காலத்து அறைகளினும் மிக மேலாக இருந்தன. இயந்திரம் பழுதுபடலாம், மின்சாரம் நிற்கலாம், எதிரெதிரே அமைந்த இரு ஜன்னல்கள் என்றும் வேலை செய்யும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இயற்கைக் காற்றோட்டத்தை ஏற்கிறது. சாதாரண வார்டுகளில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டரும், காற்றின் வழியே பரவும் நோயுள்ளவர்களின் அறைகளில் 160 லிட்டரும் புதுக்காற்று கிடைக்க வேண்டும் என்று அது கூறுகிறது. கொசுவலை பொருத்திய ஜன்னலில் காற்றின் வேகம் குறையும். ஆயினும் மலேரியாவும் டெங்குவும் உள்ள நம் நாட்டில் வலையைக் கைவிடலாகாது. ஜன்னலைப் பெரிதாக்கி அக்குறையை ஈடுசெய்வதே முறை.

ஓசை

தேவையற்ற ஓசை நோயாளிக்கு இழைக்கப்படும் கொடுமை என்பதை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தினார். இரவில் வார்டில் ஓசையின் அளவு சராசரி 30 டெசிபலுக்கு மேற்படாமலும், திடீரென எழும் ஓசை 40 டெசிபலைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 1999-இல் வகுத்த அளவு. பத்து டெசிபல் கூடினால் ஓசை இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்றும். நடைமுறையில் இருப்பதோ வேறு. பல நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் செய்யப்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான ஆய்வின்படி, 1960-இல் பகலில் சராசரி 57 டெசிபலாக இருந்த ஓசை 72-ஆகவும், இரவில் 42-ஆக இருந்தது 60-ஆகவும் உயர்ந்திருந்தது.

வழுவழுப்பான தரையும் ஓடு பதித்த சுவரும் கழுவ எளியவை. ஆனால் அவை ஓசையை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. மேற்கூரையில் ஓசையை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்துவது நல்ல பரிகாரம். செலவின்றிச் செய்யத்தக்கவையும் உண்டு. தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் உறையும் எண்ணெயும் இடலாம். இரும்புக் கதவு மோதும் இடத்தில் ரப்பர் துண்டு ஒட்டலாம். பாத்திரம் கழுவும் இடத்தை வார்டிலிருந்து விலக்கலாம். ஜன்னலைத் திறந்தால் தெருவின் இரைச்சல் உள்ளே வரும் என்பது காற்றோட்டத்துக்கும் அமைதிக்கும் இடையே உள்ள இயல்பான முரண்பாடு. மரவரிசை கண்ணுக்கு இதமளிக்குமேயன்றி ஓசையை அதிகம் தடுக்காது. தூரமே ஓசையைத் தடுக்கும். வாகனங்கள் நெருங்கி ஓடும் சாலையிலிருந்து உள்ள தூரம் இருமடங்கானால், ஓசை ஏறக்குறைய மூன்று டெசிபல் குறைகிறது. ஆகவே சாலையை ஒட்டி அலுவலகமும் மருந்தகமும், உட்புறத்தில் வார்டுகளும் அமைவது பொருத்தம். கிருஷ்ணராஜசாகரம் சாலையில் இடம் தேர்ந்தவர்கள் பின்பற்றிய அறிவு இதுவே.

வழியும் மறைவும் உறவினரும்

மைசூர் நகரின் நடுவே கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரியும், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா ஆஸ்பத்திரியும் உள்ளன. மண்டியா, சாமராஜநகரம், குடகு ஆகிய பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் மக்கள் இங்கு வருகின்றனர். இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிக்குள் முதன்முறையாக நுழையும் கிராமவாசிக்கு ஏற்படும் முதல் துன்பம், எங்கே போவது என்று தெரியாமையே. எழுத்தறியாதவருக்கு எழுத்துப் பலகை உதவாது. கண், பல், குழந்தை, கருவுற்ற தாய் ஆகிய சித்திரங்களும், ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிறமும், தரையில் தீட்டிய வண்ணக் கோடும் அவருக்கு வழிகாட்டும். நுழைவாயிலில் நின்றவாறே சீட்டு வாங்கும் இடம் கண்ணில் படுமாறு கட்டிடம் அமைந்திருந்தால், பலகையே வேண்டியதில்லை.

அடுத்தது மறைவு. பலர் நடுவே உடலைக் காட்ட நேரும் நாணம், குறிப்பாகப் பெண்களை ஆஸ்பத்திரியிலிருந்து விலக்கி வைக்கிறது. மகப்பேறு அறை இதற்கு நல்ல உதாரணம். பிரசவ வேதனையின்போது நம்பிக்கைக்குரிய ஒருவர் இடைவிடாது அருகில் இருந்தால், வேதனைக் காலம் குறைகிறது என்பதும், அறுவைப் பிரசவங்களும் குறைகின்றன என்பதும் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட சோதனைகளின் தொகுப்பால் தெளிவாகியுள்ளன. மத்திய அரசாங்கம் 2017-இல் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டமும் பிரசவத் துணையை அனுமதிக்குமாறு கூறுகிறது. ஆனால் ஒரே கூடத்தில் நான்கு மேசைகளைத் தடுப்பின்றிப் போட்டிருந்தால், ஒருத்தியின் தாய் உள்ளே வரும்போது மற்ற மூவரின் மறைவு கெடுகிறது. எனவே எவரையும் அனுமதிக்க இயலாமற் போகிறது. ஒரு திரையோ இடுப்புயரத்துக்கு மேற்பட்ட தடுப்போ இல்லாத காரணத்தால், நிரூபணமான நன்மையொன்று தாய்க்குக் கிடைக்காமல் போய்விடுகிறது. கட்டிட அமைப்பு சிகிச்சையின் அங்கம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நம் நாட்டில் நோயாளி தனியே வருவதில்லை. அவருடன் வருபவர் சோறூட்டுகிறார், மருந்து வாங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார். ஆனால் பல கட்டிடங்களில் அவருக்கென்று இடம் ஒதுக்கப்படுவதில்லை. அவர் நடையில் படுக்கிறார். மாடிப்படியில் உணவு உண்கிறார். அதனால் நெரிசலும் ஓசையும் அழுக்கும் பெருகுகின்றன. அவருடைய களைப்பு நோயாளியின் கவலையாகிறது. குடிநீர், கழிப்பிடம், குளிப்பிடம், படுக்க ஒரு திண்ணை ஆகியவற்றுடன் கூடிய கூடமொன்று வார்டுக்கு அருகே இருக்குமானால், அது நோயாளிக்குச் செய்யும் உதவியே ஆகும்.

குறைந்த செலவில் செய்யத்தக்கவை

புதிய கட்டிடம் எழுப்புவது எல்லா ஊர்களிலும் இயலாது. ஆனால் இப்போதுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்:

1. ஒவ்வொரு கட்டிலிலும் ஊழியர் ஒருவர் ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்கட்டும். கண்ணில் படும் விளக்கு, ஒழுகல் கறை, வெற்றுச் சுவர் யாவும் அப்போது புலனாகும்.

2. கட்டிலைத் திருப்பிப் போட்டால் ஜன்னல் தெரியுமெனில், அவ்வாறே திருப்புக.

3. ஜன்னலை மறைத்து நிற்கும் அலமாரிகளையும், கழிக்கப்பட்ட சாமான்களையும் அகற்றுக. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்துப் பழுதை நீக்குக.

4. ஜன்னலுக்கு எதிரே, கட்டிலிலிருந்து தெரியும் இடத்தில், வேம்பு, புங்கு போன்ற நிழல் மரங்களை நடுக. மேற்குப் பக்கத்துக்கு முதலிடம் தருக.

5. இரவு ஒன்பது மணிக்கு மேல் பெரிய விளக்குகளை அணைத்து, தாதி பணிபுரியும் மேசைக்கு மட்டும் மறைப்பிட்ட விளக்கு வைத்துக்கொள்க.

6. பரிசோதிக்கும் இடத்துக்கும் பிரசவ அறைக்கும் துவைக்கக்கூடிய திரைகளை இடுக.

7. க்ஷயரோகிகளும் இருமலுள்ளவர்களும் காத்திருக்கும் இடத்தை அறைக்குள் வைக்காமல், மூன்று பக்கமும் திறந்த கொட்டகையில் வைத்துக்கொள்க.

8. வாயிலிலிருந்து டாக்டரின் அறை வரை சித்திர அடையாளங்களை வரைக. பள்ளியின் சித்திர ஆசிரியரும் மாணவர்களும் இதை மகிழ்ச்சியோடு செய்து தருவர்.

இவற்றுள் எதுவும் மருந்துக்கு மாற்று அல்ல. தாதியரின் கனிவான சொல்லுக்கும் மாற்று அல்ல. சென்னையில் நிகழ்ந்த சோதனை மருந்தின் வலிமையை நிலைநாட்டியது. மைசூரின் பழைய ஆரோக்கிய நிலையமோ, மருந்தில்லாத காலத்திலும் நோயாளியை மனிதராக எண்ணி இடம் அமைத்தவர்களின் கருத்தை இன்றும் தாங்கி நிற்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொள்வதே அறிவுடைமை. அடுத்த முறை ஓர் ஊரில் சுகாதார நிலையத்துக்கு வரைபடம் வரும்போது, கட்டில்கள் எத்தனை என்று கேட்பதுடன், அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் எதைக் காண்பார், எதைக் கேட்பார், அவருடன் வந்தவர் எங்கே உறங்குவார் என்றும் ஊரார் கேட்க வேண்டும். கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இக்கேள்விகளை மக்களுக்குக் கற்றுக்கொடுப்பார்களாயின், அதுவே பெரும் சுகாதாரத் தொண்டாகும்.